முகத்துக்கு வெளிச்சம்: கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை வரை

பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் ஸ்டுடியோவுக்கு இரண்டு விளக்குகள் போதும். உட்காருபவருக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே உயரம், ஒரே தூரம், ஒரே அளவு ஒளி. வெள்ளைக் குடையில் பட்டுத் திரும்பும் அந்த வெளிச்சத்தில் மூக்கின் நிழல் கன்னத்தில் விழாது. காதுகள் இரண்டும் தெரியும். பின்திரையில் கறுப்பு படியாது. ஆளை அடையாளம் காண அலுவலகங்களுக்கு இப்படிப்பட்ட படம்தான் வேண்டும். கள்ளக்குறிச்சிக் கடைவீதியிலும் தமிழ்நாட்டின் வேறெந்த ஊர்க் கடைவீதியிலும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். முகப்பட ஒளியைக் கற்றுக்கொள்ளவும் இங்கிருந்தே தொடங்கலாம்.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளையும் சமவெளியிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலைக்கு ஒரே நாளில் ஏறிவிடலாம். அந்த ஒரு நாளுக்குள் ஸ்டுடியோவின் அடைத்த அறை, பட்டறையின் அரையிருட்டு, அணைக்கட்டின் உச்சி வெயில், மலைமேல் மூட்டம், மலைக் கிராமத்து இரவு என ஐந்து வகை வெளிச்சம் வந்துபோகும். ஒரு சிறு ஃபிளாஷ், அதைக் கம்பியில்லாமல் தூரத்திலிருந்து இயக்கும் டிரிக்கர், ஒரு ஸ்டாண்ட், மடக்கக்கூடிய சாஃப்ட்பாக்ஸ், ஒரு தெர்மாகோல் பலகை, ஒரு வெள்ளை வேட்டி, ஒரு கறுப்புக் கம்பளி. பைக்கில் கட்டிக்கொண்டு போகக்கூடிய இந்தச் சாமான்களைக் கொண்டு ஐந்து வெளிச்சத்தையும் சமாளிக்க முடியும்.

ஸ்டுடியோ: ஒரு விளக்கை அணைத்தால்

மின்விளக்கு வருவதற்கு முன்பு ஸ்டுடியோ என்பது கண்ணாடிக் கூரை போட்ட அறை. நேர் வெயில் உள்ளே வராமல் வடக்கு வானத்தின் பரந்த வெளிச்சம் மட்டும் சரிவாக இறங்கும்படி கட்டினார்கள். திரைச்சீலைகளை இழுத்தும் விலக்கியும் ஒளியைக் கூட்டிக் குறைத்தார்கள். 1880 தொடங்கி நூறாண்டுக் காலத்துத் தமிழக ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேடி எண்முறையில் பதிவுசெய்திருக்கிறார்கள். கண்ணாடிக் கூரைக் காலத்து ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்த ஒளி. கன்னத்தின் வளைவும் தாடையின் கோடும் அதில் தெரிந்தன. இரு பக்கமும் சமமாக விளக்கு வைக்கும் வழக்கம் அடையாள அட்டைகளின் தேவையால் வேரூன்றியது.

பாஸ்போர்ட் அமைப்பில் ஒரு விளக்கை அணைத்தால் முகத்தின் ஒரு பாதி இருளும். மீதமுள்ள விளக்கே முதன்மை ஒளி. தொழிலில் இதைக் கீ லைட் என்பார்கள். இதைக் கேமராவின் அச்சிலிருந்து ஏறக்குறைய 45 பாகை பக்கவாட்டில் நகர்த்தி, கண்மட்டத்துக்கு மேலே உயர்த்தினால் மூக்கின் நிழல் சிறு வளையமாகக் கன்னத்தில் சாயும். இதன் பெயர் லூப். இன்னும் பக்கவாட்டில் தள்ளினால் மூக்கு நிழலும் கன்ன நிழலும் கூடி, இருண்ட பக்கத்துக் கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு வெளிச்சத் துண்டு மிஞ்சும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் படங்களில் அடிக்கடி வருவதால் அவர் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். விளக்கு முகத்துக்கு நேர்முன்னே உயரத்தில் இருந்தால் மூக்குக்கு அடியில் பட்டாம்பூச்சி வடிவில் நிழல் விழும். முற்றிலும் பக்கத்தில் இருந்தால் முகம் இரண்டாகப் பிளக்கும். ஒட்டிய கன்னமும் ஆழ்ந்த கண்களும் உள்ளவருக்குப் பக்க ஒளி கடுமையாக இருக்கும். உருண்டை முகத்துக்கு அதே ஒளி வடிவம் கொடுக்கும்.

அணைத்த இரண்டாவது விளக்கைக் கேமராவுக்கு அருகே கொண்டுவந்து, முதன்மை ஒளியில் பாதி அளவுக்கு மீண்டும் போட்டால் அது நிரப்பொளி. முதன்மை ஒளிக்கு எஃப் 8 என்றால் இதற்கு எஃப் 5.6. வெளிச்சப் பக்கத்தில் இரண்டு விளக்கும் சேர்வதால் இரு பக்கங்களுக்கும் இடையே 3:1 விகிதம் வரும். நிழல் இருக்கும், ஆனால் நிழலுக்குள்ளும் தோல் தெரியும். இரண்டாவது விளக்கு இல்லையென்றால் நிழல் பக்கத்தில் தெர்மாகோல் பலகையை நிறுத்தினால் போதும். பலகை முகத்தை நெருங்க நெருங்க நிழல் இளகும். நிழலை இன்னும் ஆழமாக்க வேண்டுமென்றால் அதே இடத்தில் கறுப்புக் கம்பளியைப் பிடிக்க வேண்டும். சுவரிலிருந்து திரும்பிவரும் வெளிச்சத்தை அது விழுங்கிக்கொள்ளும்.

ஒளியின் மென்மை விளக்கின் அளவைப் பொறுத்தது. அதாவது, முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை. 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் முகத்திலிருந்து 60 செ.மீ. தொலைவில் இருந்தால் பெரிய ஜன்னல். 3 மீட்டருக்குத் தள்ளினால் சிறு பொட்டு. நிழலின் விளிம்பு முதலில் கரைந்தும் பிறகு கத்தியால் கீறியது போலவும் இருக்கும். ஏறத்தாழ 14 லட்சம் கி.மீ. குறுக்களவுள்ள சூரியனின் நிழல் கூர்மையாக விழுவதற்கும் இதுவே காரணம். பூமியிலிருந்து பார்க்க அது வானத்தில் அரைப் பாகை அகலம்தான்.

தூரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். விளக்கு முகத்திலிருந்து 1 மீட்டரிலும் பின்சுவர் விளக்கிலிருந்து 3 மீட்டரிலும் இருந்தால், வெள்ளைச் சுவர்கூடச் சாம்பல் நிறமாக இறங்கிவிடும். திரையே மாற்றாமல் பின்னணியை வெளுக்கவும் கறுக்கவும் இந்த ஒரு விதி போதும்.

மரச்சிற்பப் பட்டறை: உளியும் கணமும்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெய்வ உருவங்கள், வாகனங்கள், கதவு வேலைப்பாடுகள் ஆகியவற்றை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செதுக்கும் குடும்பங்கள் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கின்றன. சிற்பியின் முகப்படத்தில் மூன்று பரப்புகள் சேர்ந்து வரும்: வியர்வை படிந்த தோல், உளித் தடம் பதிந்த மரம், மெருகேற்றிய சிலை. ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு விதமாகத் திருப்புகிறது.

உளித் தடம் தெரிய வேண்டுமென்றால் ஒளி மரத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். நேர் எதிரே வைத்த ஃபிளாஷில் செதுக்குவேலை முழுவதும் தட்டையாகிவிடும். அதே ஃபிளாஷைப் பக்கவாட்டில் தாழ்வாகச் சாய்த்தால் ஒவ்வொரு வெட்டின் ஓரத்திலும் ஒரு மெல்லிய நிழல் எழும். சிற்பியின் விரல் கணுக்களையும் நெற்றிச் சுருக்கங்களையும் அதே ஒளி எடுத்துக் காட்டும். வேலையே வாழ்க்கையாகிப்போன ஒருவருக்கு இந்தக் கோடுகள் அடையாளம். அவற்றை மறைக்கும் மென்மை அவருக்குப் பொருந்தாது.

மெருகேற்றிய சிலையும் மூக்குக் கண்ணாடியும் வேறு வகை. ஒளி எந்தக் கோணத்தில் பளபளப்பான பரப்பில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். அந்தத் திரும்பும் பாதையில் கேமரா நின்றால் வெள்ளைக் கறை பதியும். விளக்கின் சக்தியைக் குறைப்பதால் கறை போகாது. விளக்கை உயர்த்த வேண்டும், அல்லது கண்ணாடி போட்டவர் முகவாயைச் சற்றே தாழ்த்த வேண்டும்.

ஃபிளாஷின் தனித்தன்மை அதன் குறுகிய ஆயுள். மின்தேக்கியில் சேர்ந்த மின்சாரம் செனான் வாயு நிரப்பிய குழாய்க்குள் ஒரேயடியாகப் பாய்ந்து ஒளியாகிறது. 1887-ல் ஜெர்மனியில் உருவான மெக்னீசியம் தூள் வெடித்துப் புகை கக்கியது. 1930-ஐ ஒட்டி வந்த ஃபிளாஷ் பல்பு ஒரு முறை எரிந்ததும் வீண். அதே 1930-களில் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரால்ட் எட்கர்ட்டன் வளர்த்தெடுத்த மின்னணு ஃபிளாஷ்தான் இன்றைய கருவிகளுக்கு முன்னோடி. இன்றைய சிறு ஃபிளாஷ் முழுச் சக்தியில் ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் எரிகிறது. சக்தியைக் குறைத்தால் நேரமும் சுருங்கும். எனவே கொட்டாப்புளி இறங்கும் கணத்தில் பறக்கும் மரச்சீவலை அப்படியே நிறுத்திப் பிடிக்க, குறைந்த சக்தியில் நெருக்கமாக வைத்த ஃபிளாஷே ஏற்றது.

பட்டறையின் அரையிருட்டையும் படத்தில் வைத்துக்கொள்ள முடியும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃபிளாஷ் தன் ஒளியை ஒரு கணத்தில் கொட்டி முடித்துவிடுகிறது. அதன் அளவைக் கட்டுப்படுத்துபவை அதன் சக்தியும் தூரமும் அப்பெர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும். கதவு வழியே வரும் பகல் வெளிச்சம் மட்டுமே ஷட்டருக்குக் கட்டுப்படும். நொடியில் 200-ல் ஒரு பங்கு வைத்தால் பட்டறை இருண்டு சிற்பி மட்டும் மிளிர்வார். 15-ல் ஒரு பங்கு வைத்தால் பின்னால் சாய்த்து வைத்த பலகைகளும் பாதி முடிந்த உருவங்களும் மெல்லத் துலங்கும். முதலில் ஃபிளாஷ் இல்லாமல் அறையின் வெளிச்சத்தைத் தீர்மானித்துவிட்டு, அதன்மேல் ஃபிளாஷைச் சேர்ப்பதே குழப்பமில்லாத வரிசை.

கோமுகி அணை: வெயிலும் வெள்ளைச் சட்டையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் செல்லும் சாலை மலையடிவாரத்தில் கோமுகி அணையைத் தொடுகிறது. 46 அடி உயரம் நீர் தேக்கும் இந்த அணையின் கரையில் நண்பகலில் நிழல் கிடைப்பது அரிது. உச்சி வெயில் கண்குழிகளை இருட்டாக்கி, மூக்கின் நிழலை உதட்டின்மேல் இறக்கும்.

சமவெளி உழவரின் உடையும் சேர்ந்து சோதிக்கும். கறுத்த முகம், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கேமராவின் உள்ளளவி எதிரே உள்ள எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாகக் கருதியே கணக்கிடும். வெள்ளைத் துணி சட்டத்தை நிறைத்தால் அது ஒளியைக் குறைத்து முகத்தைக் கரியாக்கும். கறுப்புப் பின்னணி நிறைத்தால் ஒளியைக் கூட்டி முகத்தை வெளுக்க வைக்கும். முகத்தருகே பிடித்து விழும் ஒளியை அளக்கும் கையடக்க ஒளிமானி இந்தப் பிழையைச் செய்வதில்லை. அது தோலின் நிறத்தைக் கேட்பதில்லை. வரும் ஒளியை மட்டும் அளக்கிறது.

வழி இது. உட்காருபவரின் முதுகைச் சூரியனுக்குக் காட்ட வேண்டும். அப்போது வெயில் தலைமுடிக்கும் தோளுக்கும் ஓரக்கோடு போடும். முகத்துக்கு ஃபிளாஷ். தெளிந்த வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 200-ல் ஒரு பங்கு என்றால் அப்பெர்ச்சர் ஏறத்தாழ எஃப் 11. ஷட்டரை இன்னும் விரைவாக்கப் பெரும்பாலான கேமராக்களில் முடியாது. 200 அல்லது 250-க்கு மேல் போனால் ஷட்டரின் இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடும். படத்தின் ஒரு பகுதி ஃபிளாஷ் படாமல் கறுப்புப் பட்டையாக நிற்கும். வழிகாட்டி எண் 32 உள்ள ஃபிளாஷ் நேரடியாக 2.9 மீட்டர் தொலைவுக்கு எஃப் 11 தரும். 32-ஐ 11-ஆல் வகுத்தால் வரும் விடை இது. சாஃப்ட்பாக்ஸின் துணி இரண்டு ஸ்டாப் தின்றால், அதாவது ஒளி இருமுறை பாதியாகி நான்கில் ஒன்றானால், அந்தத் தொலைவு பாதியாகும். ஆகவே விளக்கு முகத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அந்த ஒளி வெள்ளைச் சட்டையில் முழுதாகக் கொட்டினால் துணியின் மடிப்புகள் மறைந்து வெறும் வெண்மையாகும். விளக்கை உயர்த்தி, அதன் நடுப்பகுதி தலைக்கு மேலாகவும் கீழ் ஓரம் மட்டும் முகத்தில் படும்படியாகவும் திருப்ப வேண்டும். சாஃப்ட்பாக்ஸின் கீழே கம்பளியை மடித்துத் தொங்கவிட்டால் மார்புக்குக் கீழ் ஒளி குறையும். அணைக்கரைக் காற்றுக்கு ஸ்டாண்ட் நிற்காது. கல் நிரப்பிய சாக்குப் பையை ஸ்டாண்டின் காலில் கட்டுவது படத்துக்கு மட்டுமல்ல, உட்கார்ந்திருப்பவரின் தலைக்கும் பாதுகாப்பு.

வெள்ளிமலை: மூட்டமும் முகமும்

அணையைத் தாண்டிச் சாலை வளைந்து ஏறுகிறது. இரண்டாயிரம் அடிக்கு மேல் காற்று குளிர்ந்து, மரவள்ளியும் சாமையும் விளையும் கொல்லைகள் தென்படும். கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. மலைமேல் இன்னொரு ஊர் கரியாலூர். இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். மலையில் வாழ்பவர் என்பதே அப்பெயரின் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகச் சொல்வது வழக்கம். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரையில் ஜாகீர்தார்களின் கையிலிருந்த இந்த மலை, 1976-ல் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது.

இந்த மக்களைப் பற்றிய பழைய பதிவுகளில் ஒன்று, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூல். தலையையும் மூக்கையும் அளவுகோலால் அளந்த அந்தக் காலத்து மானிடவியல், கேமராவையும் இன்னொரு அளவுகோலாகவே பிடித்தது. எதிரே நிற்பவர் ஒரு குழுவின் மாதிரி, பெயர் வேண்டியதில்லை. மலையேறி வரும் போட்டோகிராபர் ஒளி வைக்குமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. பெயர் கேட்டு, சம்மதம் பெற்று, கேமராவின் திரையில் முதல் படத்தைக் காட்டி, உட்காருபவர் தலையசைத்த பிறகே இரண்டாவது படம் எடுப்பது நாகரிகம் மட்டுமல்ல. இறுகிய தாடை தளரும்போதுதான் ஒளிக்கு ஒரு முகம் கிடைக்கிறது.

மார்கழிக் காலை மூட்டம் ஒரு மாபெரும் சாஃப்ட்பாக்ஸ். வானம் முழுவதும் ஒளிமூலமாகிவிடுவதால் நிழலே இல்லை. எனவே வடிவமும் மங்கும். இங்கு ஃபிளாஷின் வேலை திசை கொடுப்பது. ஒரு பக்கத்திலிருந்து, சுற்றியுள்ள வெளிச்சத்தைவிட ஒரு ஸ்டாப் மட்டும் கூடுதலாகப் போட்டால், கன்னமேடு எழும். மூட்டத்தின் அமைதியும் கெடாது. கேமராவின் தலையில் பொருத்திய ஃபிளாஷ் இங்கே உதவாது. லென்சுக்கு முன்னே மிதக்கும் நீர்த்துளிகள் அதன் ஒளியைத் திருப்பியடித்து வெண்திரை போட்டுவிடும். ஃபிளாஷ் கேமராவை விட்டு விலகி நிற்க வேண்டும். ஈரம் ஏறாமல் இருக்க அதன்மேல் பிளாஸ்டிக் பை. மின்கலத்தைப் படம் எடுக்கும்வரை சட்டைப் பையின் கதகதப்பில் வைத்திருந்தால் குளிரில் சோராது.

கறுத்த தோலுக்கு ஒளி வைப்பதில் ஒரு வரலாற்றுக் குறை உண்டு. கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டையில் நெடுங்காலம் இருந்தது ஷெர்லி என்று அழைக்கப்பட்ட வெள்ளைப் பெண்ணின் படம். அந்த முகம் சரியாக வந்தால் எல்லா முகமும் சரி என்று இயந்திரங்களைத் திருத்தினார்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களும் முகத்தை ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்டி வெளுக்க வைப்பதைச் சேவையாகவே செய்துவந்திருக்கின்றன. ஆனால் கறுத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது ஒளியின் அளவு அல்ல, பளபளப்பு. நெற்றியிலும் கன்னமேட்டிலும் மூக்குத் தண்டிலும் பெரிய விளக்கின் பிம்பம் மெல்லிய மினுக்கமாகப் படியும்போது, தோல் தன் நிறத்தை இழக்காமலேயே முழு உருண்டையாக எழுகிறது. இதற்குச் சக்தியைக் கூட்டத் தேவையில்லை. விளக்கைப் பெரிதாக்கி, அருகே கொண்டுவந்து, சற்றுப் பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் நகர்த்தினால் போதும். மினுக்கம் சிறு புள்ளியாகச் சுருங்கினால் விளக்கு சிறிது என்று பொருள்.

வீட்டுக்குள்: வாசல் எனும் விளக்கு

கூரை வேய்ந்த வீட்டில் ஃபிளாஷை மேல்நோக்கித் திருப்பிப் பயனில்லை. அடுப்புப் புகை ஏறிய கூரை ஒளியை விழுங்கும். நீலமும் பச்சையும் பூசிய சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அந்த நிறத்தையே முகத்தில் அப்பும். இங்கே முதன்மை ஒளியாகத் திறந்த வாசல் இருக்கிறது. வாசலுக்குப் பக்கவாட்டில் ஒரு பாட்டியை உட்காரவைத்து, எதிர்ப்பக்கம் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து, ஃபிளாஷை அந்த வேட்டியை நோக்கித் திருப்பினால் நிரப்பொளி கிடைக்கும். அதன் அளவு வாசல் வெளிச்சத்தில் பாதிக்கும் கீழே இருந்தால், ஃபிளாஷ் எரிந்ததே படத்தில் தெரியாது. கண்ணின் கருமணியில் வாசலின் சதுரம் ஒரு வெண்புள்ளியாக விழுவதைப் பார்த்துவிட்டு ஷட்டரை அழுத்த வேண்டும். அந்தப் புள்ளி இல்லாத கண் உயிரற்றுத் தெரியும். தமிழ்த் திரைப்பட ரசிகர்களுக்கு இவ்வகை ஒளி பழக்கமானது. இயற்கை ஒளியை நம்பிய பாலு மகேந்திராவும், ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ ஆகியவற்றில் மென்மையான ஒளியைக் கையாண்ட பி.சி. ஸ்ரீராமும் 1970-களிலும் 80-களிலும் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள்.

குடும்பம் முழுவதும் திண்ணையில் வரிசையாக அமரும்போது கணக்கு மாறும். விளக்கு ஓரத்து ஆளிடமிருந்து 1.5 மீட்டரில் இருந்து, மறுகோடி ஆள் 3 மீட்டரில் இருந்தால், அவருக்குக் கால் பங்கு ஒளிதான் போகும். விளக்கை 4 மீட்டருக்குத் தள்ளினால் மறுகோடி 5.5 மீட்டர், இப்போது அவருக்குப் பாதிக்கு மேல் கிடைக்கும். விளக்கின் முகத்தைத் தூரத்து ஆளை நோக்கித் திருப்பினால் மீதி வித்தியாசமும் பெரும்பாலும் சரியாகும். பின்வரிசையின் நிழல் சுவரில் விழாமலிருக்க, விளக்கு எல்லாத் தலைகளுக்கும் மேலே நிற்க வேண்டும்.

கரியாலூர்: அந்தியும் இரவும்

ஃபிளாஷின் ஒளி நடுப்பகல் நிறம், ஏறத்தாழ 5500 கெல்வின். மஞ்சள் குண்டு பல்பு 2700-ஐ ஒட்டியது. அடுப்புத் தீ அதற்கும் கீழே. விளக்கொளியில் அமர்ந்திருப்பவர்மேல் வெறும் ஃபிளாஷ் போட்டால் முகம் நீலம் பாய்ந்தும் வீடு மஞ்சளாகவும் இரண்டு வேறு உலகங்களாகப் பிரியும். ஃபிளாஷின் முன் ஆரஞ்சுத் தாள் ஒட்டி, கேமராவின் வெண்சமநிலையை 3200-ஐ ஒட்டி வைத்தால் இரண்டும் இணையும். அந்தியில் வெளியே எடுத்தால், அதே அமைப்பு வானத்தை ஆழ்ந்த நீலமாக்கி முகத்தை இயல்பு நிறத்தில் நிறுத்தும்.

அடுப்பருகே எடுக்கும் படத்தில் ஒளி கீழிருந்து வர வேண்டும், ஏனென்றால் தீ கீழே இருக்கிறது. ஃபிளாஷைத் தரையருகே வைத்து, ஆரஞ்சுத் தாளை இரட்டையாக மடித்து, சக்தியை மிகக் குறைத்து, ஷட்டரை எட்டில் ஒரு பங்குக்கு மெதுவாக்கினால் உண்மைத் தீயின் ஒளியும் சேர்ந்து பதியும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஃபிளாஷைக் கண்ணுக்கு நேரே அடிக்காமல் வேட்டியில் பட்டுத் திரும்பவிடுவதே முறை.

அச்சு

எடுத்த படம் மலைக்குத் திரும்பிப்போனால்தான் வேலை முடிந்தது. கள்ளக்குறிச்சியில் அச்சுப்போடும்போது முகத்தை வெளுப்பாக்கும் திருத்தம் எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அச்சைச் சோதிக்க இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் எண்ணும்படி இருக்கின்றனவா? நிழல் பக்கத்துக் கன்னம் அதன் சொந்த நிறத்தில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஒளி சரியாக அமைந்திருக்கிறது.

தமிழ் வீடுகளின் சுவரில் மாலையோடு தொங்கும் படங்களில் பல, ரேஷன் கார்டுக்கோ வங்கிக் கணக்குக்கோ எடுத்த பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியவை. வேறு படம் இல்லாததால் இருபுறமும் சமமாக விழுந்த அந்தத் தட்டையான வெளிச்சத்திலேயே ஒருவர் பேரப்பிள்ளைகளின் நினைவில் நின்றுவிடுகிறார். வெள்ளிமலையில் ஒரு வாசலோரம், ஒரு ஃபிளாஷும் ஒரு வேட்டியும் கொண்டு பத்து நிமிடத்தில் எடுக்கக்கூடிய படம், அந்தச் சுவருக்கு அவருடைய முகத்தையே கொடுத்துவிடும்.